படுத்த படுக்கையில் இருப்பவருக்குப் புண் வராமல் காப்பது, வந்தால் ஆற்றுவது

பக்கவாதம் வந்து என் அம்மா படுக்கையில் விழுந்த மூன்றாவது வாரம் அது. உடம்பு துடைப்பதற்காக அவரைப் பக்கவாட்டில் திருப்பியபோது, வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்குத் தோல் கன்றியிருந்தது. உடல் சூட்டினால் வந்தது என்று நினைத்தேன். எண்ணெய் தொட்டு நன்றாக நீவிவிட்டு, பவுடர் போட்டு, மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்தேன். நான்காம் நாள் அந்த இடத்தில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. அது முழுதாக மூட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நான்கு நாளில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த இடம் மெத்தையில் படாமல் அவரைப் படுக்க வைத்திருக்க வேண்டும். அதை எனக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு திடீரென்று கைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். புண்ணைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது, "எந்த மருந்து போடலாம்?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்த இடத்தை எது அழுத்துகிறது?" இதற்குப் பதில் கண்டுபிடிக்காமல் எவ்வளவு விலை உயர்ந்த மருந்தைப் போட்டாலும் படுக்கைப் புண் ஆறாது. அழுத்தம் நீங்கினால், ஆரம்ப நிலைப் புண் பல சமயம் மருந்தே இல்லாமல் ஆறிவிடும்.

முதலில், இது ஏன் வருகிறது

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை மாட்டிக்கொண்டு நசுங்குகிறது. அங்கே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. ரத்தம் போகாத இடத்தில் திசு சாக ஆரம்பிக்கிறது. இதற்கு நாள்கணக்கு வேண்டாம், சில மணி நேரம் போதும். நாம் தூக்கத்தில்கூட நம்மை அறியாமல் புரண்டுகொண்டே இருக்கிறோம். புரள முடியாதவருக்கும், வலி உணர்வு மரத்துப்போனவருக்கும், மயக்கத்தில் இருப்பவருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சேதம் பல நேரம் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்கி மேலே வருகிறது. தோலில் நாணயம் அளவு கருமை தெரியும்போது, உள்ளே அதைவிடப் பெரிய பகுதி செத்திருக்கலாம். "நேற்றுவரை ஒன்றும் இல்லை, இன்று இவ்வளவு பெரிய குழி" என்று பலர் அதிர்ந்துபோவது இதனால்தான்.

அழுத்தத்தோடு இன்னும் மூன்று சேர்ந்துகொள்ளும். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் உடம்பு மெல்ல மெல்லக் கீழே சறுக்கும்போது, தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே எலும்பு மட்டும் நகரும். நடுவில் உள்ள ரத்தக் குழாய்கள் இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். இந்த இழுவிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நேர் அழுத்தத்தைப் போலவே கெடுதல் செய்யும். அடுத்தது உராய்வு. மூன்றாவது ஈரம்: வியர்வை, சிறுநீர், மலம். ஊறிப்போன தோல் சின்ன உராய்வைக்கூடத் தாங்காது.

படி 1: தினமும் இரண்டு முறை தோலைப் பாருங்கள்

காலையில் ஒரு முறை, இரவு ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். துணி, காலுறை, டயபர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பாருங்கள். குதிகால் புண்ணைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கழற்றப்படாத காலுறைதான்.

எங்கே பார்ப்பது என்பது, அவர் எப்படிப் படுக்கிறார் என்பதைப் பொறுத்தது. மல்லாந்து படுப்பவருக்கு வால் எலும்புப் பகுதியும் குதிகாலும் முதல் இரண்டு இடங்கள். பெரும்பாலான புண்கள் இந்த இரண்டில்தான் வருகின்றன. அப்புறம் பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை. ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காது மடல், தோள், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும் உள்பக்கம், கணுக்கால். சக்கர நாற்காலியில் நெடுநேரம் உட்காருபவருக்குப் பிட்டத்தின் அடியில் உள்ள இரண்டு உட்காரும் எலும்புகள்.

குழாய்களையும் மறக்காதீர்கள். ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னால் அழுத்தும். மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் மூக்குத் துவாரத்தின் ஓரத்தை அழுத்தும். சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடக்கும். எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டின் விளிம்பும் அப்படித்தான். இவை எல்லாமே புண் உண்டாக்கும்.

சிவந்த இடம் தெரிந்தால் விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்கு வந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அதுதான் முதல் நிலைப் படுக்கைப் புண். தோல் உரியவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

நம்மில் பலருக்குத் தோல் மாநிறம் அல்லது கறுப்பு. அந்தத் தோலில் சிவப்பு தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அதனால் கண்ணோடு கையையும் பயன்படுத்துங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா? கெட்டியாக இருக்கிறதா, அல்லது கொழகொழவென்று அமுங்குகிறதா? தொட்டால் முகம் சுளிக்கிறாரா? நிறம் சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாகக் கறுத்தோ ஊதா சாயலிலோ தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தில் இனி எடை விழக் கூடாது.

அந்த இடத்தை நீவாதீர்கள். நான் செய்த தவறு அது. ஏற்கெனவே நொந்துபோன திசுவைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் சேதம் கூடும்.

படி 2: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புங்கள்

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான பிரிவை லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தொடங்கினார். அப்போதெல்லாம் தண்டுவடம் அடிபட்டவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோவது சாதாரணம். இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்ப வேண்டும் என்று குட்மன் கறாராக நின்றார். அவருடைய நோயாளிகள் பிழைத்தார்கள், விளையாடவும் ஆரம்பித்தார்கள். பாராலிம்பிக்ஸ் போட்டிகளுக்கு விதை போட்டது அந்த மருத்துவமனைதான்.

இரண்டு மணி நேரம் என்பது தொடங்குவதற்கான கணக்கு. திருப்பும்போது படுத்திருந்த பக்கத்தில் சிவப்பு இருந்து, அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால், அவருக்கு இரண்டு மணி நேரம் அதிகம், இடைவெளியைக் குறையுங்கள். நல்ல அழுத்தம் குறைக்கும் மெத்தை இருந்து, தோலும் தாங்குகிறது என்றால், மூன்று நான்கு மணி நேரம்வரை நீட்டலாமா என்று செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள். இரவில் பார்த்துக்கொள்பவருக்கும் தூக்கம் வேண்டுமே, அதற்கு இது உதவும்.

முழுக்க ஒருக்களித்து, அதாவது 90 டிகிரிக்குத் திருப்பாதீர்கள். அப்படிச் செய்தால் மொத்த எடையும் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் விழும், அங்கே புதுப் புண் வரும். 30 டிகிரி சாய்வு போதும். செய்யும் முறை இது:

1. என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். பேச முடியாதவரானாலும், நினைவு தெளிவில்லாதவரானாலும் சொல்லுங்கள். திடீரென்று புரட்டினால் உடம்பு விறைத்துக்கொள்ளும்.
2. கட்டிலின் உயரத்தை மாற்ற முடிந்தால் உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். இப்போதுதான் சாப்பிட்டார் என்றால் ஒரு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள்.
3. எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் நில்லுங்கள். உங்களுக்கு அருகில் உள்ள அவர் கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். தூரத்துக் கையை மார்பின் மேல் மடித்து வையுங்கள். தூரத்து முழங்காலை மடக்கிப் பாதத்தை மெத்தையில் ஊன்றுங்கள்.
4. ஒரு கை அவருடைய தூரத்துத் தோளிலும் மறு கை தூரத்து இடுப்பிலும் இருக்கட்டும். உங்கள் முழங்காலை லேசாக மடக்கி, உங்களை நோக்கி மெதுவாக உருட்டுங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் அதில் எளிதாக மூட்டு விலகும்.
5. முதுகுக்குப் பின்னால் தோளிலிருந்து பிட்டம்வரை நீளமாகத் தலையணையைச் செருகுங்கள். பிறகு அதன் மேல் அவரை மெல்லச் சாய விடுங்கள். இப்போது அவர் மல்லாந்தும் இல்லை, முழுக்க ஒருக்களித்தும் இல்லை.
6. அடியில் மாட்டிய தோளைச் சற்று முன்னால் இழுத்து விடுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள்.
7. கடைசியாக உங்கள் கையை அடியில் விட்டுப் பாருங்கள். வால் எலும்பும் இடுப்பெலும்பும் மெத்தையில் அழுந்தாமல் இருக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம், டயபர் மடிப்பு, குழாய், பொத்தான் என்று எதுவும் சிக்கியிருக்கக் கூடாது.

முதுகெலும்பு முறிவோ சமீபத்தில் இடுப்பு அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால், எப்படித் திருப்புவது என்பதை மருத்துவமனையிலேயே நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன முறை அவர்களுக்குப் பொருந்தாது.

கீழே சறுக்கிய உடம்பை மேலே ஏற்றும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். தோளிலிருந்து தொடைவரை வரும்படி ஒரு தனி விரிப்பை மடித்து எப்போதும் அடியில் போட்டு வையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் அதைச் சுருட்டிப் பிடித்து, தூக்கி நகர்த்துங்கள். தூக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தலைப்பக்கத்தைச் சாப்பாட்டு நேரம் தவிர 30 டிகிரிக்குள் வைத்தால் சறுக்குவதே குறையும். குழாய் வழியாக உணவு கொடுப்பவருக்குப் புரையேறாமல் இருக்கத் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். அவர்களுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்தினால் சறுக்கல் மட்டுப்படும்.

குதிகாலுக்கு ஒரே தீர்வு, அது எதிலும் படாமல் இருப்பதுதான். ஆடுதசைக்கு அடியில் தலையணையை நீளவாக்கில் வைத்து, குதிகால் விளிம்புக்கு வெளியே அந்தரத்தில் நிற்கட்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் சரி.

ஒரு தாளில் நேரம், பக்கம் என்று இரண்டே கட்டம் போட்டுக் கட்டில் அருகே ஒட்டிவையுங்கள்: "காலை 8 – இடது, 10 – மல்லாந்து, 12 – வலது." இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கும் வீட்டில், ஒவ்வொருவரும் "மற்றவர் திருப்பியிருப்பார்" என்று நினைப்பதால்தான் பல மணி நேரம் ஓடிவிடுகிறது. தோலில் கன்றிய இடம் இருந்தால், அந்தப் பக்கத்தின் பெயரை அட்டவணையிலிருந்தே அடித்துவிடுங்கள்.

படி 3: மெத்தை

மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஏர் பெட் உதவும். சின்ன மோட்டார் அதன் அறைகளில் காற்றை மாற்றி மாற்றி நிரப்பும், அதனால் ஒரே இடம் தொடர்ந்து அழுந்தாது. ஆனால் அதை வாங்கிப் போட்டவுடன் திருப்புவதை நிறுத்துகிறவர்கள் நிறைய. நிறுத்தக் கூடாது.

காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவர் படுத்திருக்கும்போதே ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவே, இடுப்புக்கு நேராக உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கையை நுழையுங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. கைக்கும் உடம்புக்கும் நடுவே சுமார் 2.5 செ.மீ. காற்று மெத்தை இருக்க வேண்டும். மேலே ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும். போர்வை, ரப்பர் ஷீட், இன்னொரு விரிப்பு என்று அடுக்கினால் அந்த மெத்தையால் பயனே இல்லை. மின்சாரம் போனால் சில மெத்தைகளில் காற்று இறங்கிவிடும், அதனால் கட்டிலில் இருந்த பழைய மெத்தையை எடுக்காமல் அதன் மேலேயே இதைப் போடுங்கள்.

நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டவே வேண்டாம். ஓட்டைக்கு மேலே உள்ள இடத்துக்கு ஓய்வு கிடைப்பதுபோலத் தோன்றும். உண்மையில் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவுக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கிறது. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பதும் அப்படித்தான்.

படி 4: உட்கார்ந்திருக்கும்போது

உட்காரும்போது உடலின் எடை முழுக்கச் சின்ன இரண்டு எலும்புகளில் இறங்குகிறது. அதனால் இடைவெளி இன்னும் குறைய வேண்டும். தானாகவே நகர முடிந்தவர் 15 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ, இரு பக்கமும் சாய்ந்தோ, கைப்பிடியை ஊன்றி எழும்பியோ எடையை மாற்ற வேண்டும். முடியாதவரை மணிக்கு ஒரு முறையாவது மற்றவர் மாற்றி உட்கார வைக்க வேண்டும். பாதம் தொங்கக் கூடாது. தொங்கினால் உடம்பு முன்னால் சறுக்கும். பிட்டத்தில் ஏற்கெனவே புண் இருந்தால், உட்காரும் நேரம் நாளைக்கு மூன்று முறைக்கு மேல் போகாமலும், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள்ளும் இருக்கட்டும்.

படி 5: ஈரம்

டயபரை "நிறைந்ததும் மாற்றலாம்" என்று விடாதீர்கள். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் கை வைத்துப் பாருங்கள். மலம் பட்ட தோலை உடனே சுத்தம் செய்யுங்கள். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் உலர்ந்த பிறகு ஜிங்க் ஆக்சைடு அல்லது பெட்ரோலியம் ஜெல்லி கலந்த தடுப்புக் களிம்பை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அடுத்த முறை அதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டாம், அழுக்குப் பட்ட மேல் படலத்தை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். பவுடர் ஈரத்தில் கட்டியாகி மணல்போல உரசும், அதனால் தவிர்க்கவும்.

தொடை இடுக்கிலும் பிட்டப் பிளவிலும் பரவலாக, விளிம்பு தெளிவில்லாமல் சிவந்து எரிந்தால், அது பெரும்பாலும் ஈரத்தால் வந்த தோல் அழற்சி. எலும்புக்கு நேர் மேலே, வட்டமாக, தெளிவான விளிம்போடு இருந்தால் அழுத்தப் புண். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

படி 6: சாப்பாடு

புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும். புண் இருப்பவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதமும், 30 முதல் 35 கலோரியும் என்பது பொதுவான கணக்கு. 50 கிலோ எடை உள்ளவருக்குச் சுமார் 63 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், வெறும் கஞ்சியில் இந்தக் கணக்கு ஏன் எட்டாது என்று புரியும். முட்டை, மீன், பருப்பு, பால், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஒரே நேரத்தில் நிறைய சாப்பிட முடியாதவருக்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். விழுங்கச் சிரமம் இருந்தால் அதற்கும் தனியாக ஆலோசனை தேவை. சர்க்கரையும் ரத்தசோகையும் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் புண் இழுத்துக்கொண்டே போகும். புகைபிடிப்பதும் அப்படித்தான்.

படி 7: புண் வந்துவிட்டால்

முதலில் அது எந்த நிலை என்று பாருங்கள்.

தோல் உரியாமல், அழுத்தினால் வெளுக்காத சிவப்போ கருமையோ இருந்தால் முதல் நிலை. அந்தப் பக்கம் படுக்காமல் இருப்பதே இதற்கு மருந்து. பெரும்பாலும் சில நாளில் மாறும்.

மேல்தோல் உரிந்து, இளஞ்சிவப்பாக ஈரத்தோடு ஆழமில்லாமல் இருந்தாலோ, நீர்க் கொப்புளமாக இருந்தாலோ இரண்டாம் நிலை. கொப்புளத்தை உடைக்காதீர்கள். இதை ஒரு முறை மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டி, கட்டுப்போடும் முறையைக் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

குழியாகி உள்ளே மஞ்சள் கொழுப்பு தெரிந்தால் மூன்றாம் நிலை. தசை, தசைநாண், எலும்பு தெரிந்தால் நான்காம் நிலை. அடி தெரியாதபடி மஞ்சள் படலமோ கறுத்த பொருக்கோ மூடியிருந்தால், ஆழம் எவ்வளவு என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. தோல் உரியாமல் ஊதா நிறத்தில் அடர்ந்து கன்றியிருந்தால், அடியில் ஆழமான சேதம் இருக்கக்கூடும். இவை எல்லாமே மருத்துவர் பார்க்க வேண்டியவை. செத்த திசுவை அகற்றுவது, குழியில் உறிஞ்சு கருவி வைப்பது, சதை ஒட்டு அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. வீட்டில் கத்தரியை எடுக்காதீர்கள். குறிப்பாகக் குதிகாலில் உலர்ந்து இறுகி ஒட்டிய கறுப்புப் பொருக்கு, சீழோ சிவப்போ இல்லாமல் இருந்தால் அது இயற்கையான மூடி. அதைப் பெயர்க்கக் கூடாது.

வீட்டில் கட்டு மாற்றும் முறை இது. கட்டு மாற்றும்போது வலிக்கும் என்றால், மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை போட்டுப் பழைய கட்டை எடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) விட்டு ஊற வையுங்கள். எடுத்த கட்டில் கசிவு எவ்வளவு, என்ன நிறம், வாடை இருக்கிறதா என்று பாருங்கள். கையுறையை மாற்றிக்கொண்டு, புண்ணை நார்மல் சலைன் விட்டு நன்றாகக் கழுவுங்கள். சலைன் இல்லாவிட்டால் கொதிக்க வைத்து ஆறிய நீர் போதும். சுற்றியுள்ள தோலை ஒற்றி உலர்த்துங்கள். பிறகு புதுக் கட்டு.

ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றைத் திறந்த புண்ணில் ஊற்றாதீர்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் கிருமி சாகிறது என்று தோன்றும். கூடவே புதிதாக முளைக்கும் திசுவும் சாகிறது. போவிடோன் அயோடின் என்ற பழுப்பு நிறக் கிருமிநாசினியையும் மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன நாள்வரை மட்டும் பயன்படுத்துங்கள். கைமருந்துப் பொடிகளைக் குழியில் அடைப்பதும் வேண்டாம். கழுவி எடுக்க முடியாமல் உள்ளே தங்கித் தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

"காற்றாட விட்டால் காய்ந்து ஆறிவிடும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது சரியில்லை என்பது 1962-லேயே தெரிந்துவிட்டது. ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் உண்டாக்கிய காயங்களில், மெல்லிய படலத்தால் மூடி ஈரப்பதம் காத்தவற்றில் புதுத்தோல், திறந்து காயவிட்டவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்ததைக் கண்டார். அதனால் புண் மிதமான ஈரத்தோடும், சுற்றியுள்ள தோல் உலர்ந்தும் இருக்க வேண்டும். கசிவு குறைவான இரண்டாம் நிலைப் புண்ணுக்கு ஹைட்ரோகொலாய்டு (கசிவை உறிஞ்சி ஜெல்போல ஆகும் ஒட்டுக் கட்டு) அல்லது ஃபோம் டிரெஸ்ஸிங் (மெத்தென்ற நுரைக் கட்டு) பொருந்தும். கசியாமலும் பெயராமலும் இருந்தால் மூன்று முதல் ஐந்து நாள்வரை விடலாம், தினமும் பிரிக்க வேண்டியதில்லை. கசிவு அதிகம் என்றால் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து செய்யும் கட்டு) போன்று நன்றாக உறிஞ்சுபவை. வறண்ட புண்ணுக்கு ஈரம் கொடுக்கும் ஹைட்ரோஜெல். சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தால், அந்த டிரெஸ்ஸிங்கின் உறிஞ்சும் சக்தி போதவில்லை அல்லது மாற்றும் இடைவெளி அதிகம்.

குழிப் புண்ணுக்குள் காஸ் துணி வைக்கச் சொல்லியிருந்தால், தளர்வாக வையுங்கள். இறுக்கி அடைத்தால் உள்ளிருந்தே அழுத்தம் கொடுக்கும். எத்தனை துண்டு வைத்தீர்கள் என்று எழுதிவைத்து, அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

வாரம் ஒரு முறை, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும். அடியில் சிவப்பாக, சின்னச் சின்ன மணிகள் கோத்ததுபோலத் திசு வளர்ந்தால் ஆறுகிறது. இரண்டு வாரத்தில் கொஞ்சமும் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். போவதற்கு முன் அட்டவணையை எடுத்து, எந்த நேரத்தில் அந்த இடம் அழுந்துகிறது என்று மறுபடி தேடுங்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்து உட்கார வைத்த இரண்டு மணி நேரம். அதை முக்கால் மணி நேரமாகக் குறைத்த பிறகுதான் புண் சுருங்க ஆரம்பித்தது.

படி 8: எப்போது உடனே மருத்துவமனைக்கு

காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணைச் சுற்றிச் சிவப்போ சூடோ வீக்கமோ பரவுவது, சீழ், திடீரென்று கூடிய நாற்றமோ வலியோ, புதிதாக வந்த குழப்பம் அல்லது மயக்கம், வேகமான மூச்சு, சிறுநீர் குறைவது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், உடம்பு சில்லிட்டும் தொற்று வரும் என்பதை நினைவில் வையுங்கள். எலும்பு தெரியும் புண் எலும்பிலும் தொற்றைக் கொண்டுபோகும். சூப்பர்மேன் படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ், குதிரையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். நல்ல மருத்துவக் கவனிப்பு அவருக்கு இருந்தது. அப்படியும் படுக்கைப் புண் தொற்றுக்குச் சிகிச்சை எடுத்துவந்த நேரத்தில்தான் 2004 அக்டோபரில் இதயத் துடிப்பு நின்று இறந்தார். அதனால் இந்த அறிகுறிகளில் ஒன்றைக் கண்டாலும் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, தண்டுவடம் கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்கு மட்டும். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, ரத்த அழுத்தம் ஏறுவது ஆகியவை அவசர நிலை. அவரால் உணர முடியாத வலியே, புண்ணோ அடைத்த சிறுநீர்க் குழாயோ, இதைத் தூண்டிவிடும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அதே சமயம், காய்ச்சலோ பரவும் சிவப்போ இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். எல்லாத் திறந்த புண்ணின் மேற்பரப்பிலும் கிருமிகள் இருக்கும். அது மட்டுமே தொற்று ஆகாது.

ஆறிய பிறகு

மூடிய இடத்தின் தழும்பு, பழைய தோலின் வலிமையில் அதிகபட்சம் 80 சதவீதம்வரைதான் திரும்பப் பெறும். அதற்கும் பல மாதங்கள் ஆகும். அதனால் புண் மூடிய அன்றே பழையபடி மல்லாக்கப் படுக்க வைத்துவிடாதீர்கள். முதல் நாள் பதினைந்து நிமிடம், பிறகு திருப்பித் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால், மறுநாள் இன்னும் பத்து நிமிடம் கூட்டுங்கள். மறையவில்லை என்றால் இரண்டு நாள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மறுபடி பதினைந்திலிருந்து ஆரம்பியுங்கள். கட்டில் அருகே ஒட்டிய தாளை எடுக்காதீர்கள். அதில் தழும்பு இருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். நாளை உங்களுக்குப் பதிலாக வேறொருவர் பார்த்துக்கொள்ள வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் எது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.